வரையும் கையும் செய்யும் கையும்: உள்ளக வடிவமைப்புத் தொழிலின் சமூக வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் பின் மாணவர் தேர்ந்துகொள்ளக்கூடிய தொழில்களைப் பற்றிப் பேசுவோர், அண்மைக் காலத்தில் உள்ளக வடிவமைப்பையும் அவற்றுள் ஒன்றாக எடுத்துரைக்கின்றனர். வீடு, அலுவலகம், விடுதி, கடை முதலியவற்றின் உட்பகுதியை அளந்து, இடத்தை வகுத்து, ஒளி, காற்று, நிறம், தளபாடம் ஆகியவற்றைத் தேர்ந்து, வரைபடமும் செலவு மதிப்பீடும் ஆக்கி, பிறரைக் கொண்டு வேலையை நிறைவேற்றுவிப்பதே இத்தொழிலாகும். இதற்கு வேண்டிய தகைமைகளாகக் கலையுணர்வும் கற்பனையும் கணினிப் பயிற்சியும் குறிப்பிடப்படுகின்றன. ஆயின், இத்தொழில் எப்பொழுது, யாருடைய தேவையினால், எவரது உழைப்பின் மீது தோன்றியது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. வரலாறு நீக்கப்பட்ட தொழில் வழிகாட்டல், தனிமனித முன்னேற்றம் பற்றிய கனவாகவே எஞ்சிவிடும்.

இக்கட்டுரை அவ்வினாவைத் தோப்பூரிலிருந்து நோக்க முயல்கின்றது. திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவின் தெற்கே, மூதூர்ப் பிரதேச செயலாளர் பிரிவில் அமைந்த ஊர் அது. நெல் வயல்களும் முஸ்லிம் குடியிருப்புகளும் நிறைந்த அவ்வூரிலிருந்து நோக்குவதற்குக் காரணங்கள் இரண்டு உள. இலங்கை வீடுகளின் உட்புறம் பற்றி ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய முதல் மனிதன் சிறைப்பட்டது அக்குடாக் கரையிலேயே என்பது ஒன்று. வீட்டைப் பெண்ணுக்குரிய உடைமையாகக் கருதும் கிழக்கிலங்கை மரபு, வீட்டின் உள்ளமைப்பை வகுப்பவர் யார் என்ற கேள்விக்குத் தனித்த பொருள் தருகின்றது என்பது மற்றொன்று.

உள்ளக வடிவமைப்பு தனித் தொழிலாக உருவான வரலாறு, வரையும் கை செய்யும் கையினின்றும் பிரிந்த வரலாறாகும். பெயரும் சான்றிதழும் உயர்ந்த ஊதியமும் வரையும் கையைச் சேர்ந்தன. செய்யும் கை பெயரிழந்து கூலியானது. இப்பிரிவினையின் படிநிலைகளை ஆராய்வதும், அதனை ஓரளவேனும் குறைக்கும் வழிகள் நம்மிடையே உளவா என்று நோக்குவதுமே இங்கு நோக்கமாகும்.

2

பிரிவினையின் தொன்மையான சாயலைச் சங்க இலக்கியத்திலேயே காணலாம். நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, பாண்டிமாதேவியின் மாளிகை அமைக்கப்பட்ட முறையை விவரிக்கின்றது. கோல்களை நட்டு நண்பகல் நிழலைக் கொண்டு திசை குறித்து, கயிறிட்டு மனை வகுப்பவர்கள் நூலறிவுடையோர். வாயிலைப் பொருத்துவதும், போரில் இறந்த யானையின் கொம்பைச் செதுக்கிக் கட்டிலில் அமைப்பதும் கைத்திறன் மிக்க கம்மியர் செயல்கள். சாந்து பூசிய சுவர், அதில் எழுதப்பட்ட பூங்கொடி, யவனர் செய்த பாவை விளக்கு என அகத்தின் பொருள்கள் ஒவ்வொன்றாக நம் கண்முன் வருகின்றன. நூலறிவோரும் கம்மியரும் ஒரே பாட்டில் வெவ்வேறாகச் சுட்டப்படுவது மனங்கொள்ளத்தக்கது. புலவர் பெயரும் பாட்டுடைத் தலைவன் பெயரும் நம்மை எட்டியுள்ளன. கட்டில் செய்தவனுடைய பெயர் எட்டவில்லை.

மணிமேகலையின் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதையில் வரும் அரச மண்டபத்தை மகத வினைஞரும், மராட்டக் கம்மரும், அவந்திக் கொல்லரும், யவனத் தச்சரும், தமிழ் வினைஞரும் கூடி அமைத்ததாகச் சாத்தனார் கூறுகின்றார். பல நாட்டுத் தொழிலாளரின் கூட்டுழைப்பு அரசனது இன்ப நுகர்ச்சிக்கு ஒன்றுதிரட்டப்பட்டமைக்கு இது சான்றாகும். இவர்களும் நாட்டாலும் தொழிலாலும் அறியப்படுகின்றனரேயன்றிப் பெயரால் அறியப்படவில்லை. வணிகப் பெருக்கமும் அரச அதிகாரமும் இணைந்த சூழலில், அழகிய உள்ளகம் என்பது உபரியைக் கைப்பற்றியோரின் உரிமையாயிற்று. ஆயினும் அக்காலக் கம்மியன் தன் பொருளின் வடிவத்தைத் தானே அறிந்தவன். அதனைத் தாளில் வரைந்து கொடுக்க வேறொருவன் வேண்டியிருக்கவில்லை. கைவினைஞனிடம் அறிவும் கையும் இன்னும் ஒன்றாகவே இருந்தன.

3

நிலமானிய சமுதாயத்தில் உள்ளகம் எங்ஙனம் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது என்பதற்குக் கொட்டியாரம் நமக்கு ஓர் அரிய சாட்சியை அளித்துள்ளது. 1659 இறுதியில் புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், பழுதுபார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660 இல் அதன் தலைவனும் அவன் மகன் றொபேட் நொக்ஸும் வேறு பலரும் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி நாட்டுக் கிராமங்களில் வாழ்ந்து, 1679 இல் தப்பிச் சென்ற இளைய நொக்ஸ், 1681 இல் இலண்டனில் இலங்கை பற்றிய தன் நூலை வெளியிட்டான்.

அந்நூலில் அவன் தரும் வீட்டுப்பொருட் பட்டியல் மிகச் சிறியது. நடு வீட்டிற் பிரம்பு உறிகளில் தொங்கும் மட்பாண்டங்கள், உண்பதற்குப் பித்தளைத் தட்டு ஒன்றிரண்டு, படுக்கப் பாய், தானியக் கூடை, சாய்மனை இல்லாத முக்காலி ஒன்றிரண்டு. ஏன் சாய்மனை இல்லை? சாய்ந்து அமரும் ஆசனம் அரசனுக்கு மட்டுமே உரியது. பொதுமக்கள் ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டலாகாது, ஓடு வேயலாகாது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசலாகாது. சுண்ணாம்புக்குப் பதிலாக வெண்களிமண்ணைச் சிலர் பூசிக்கொண்டனர் என்றும் நொக்ஸ் குறிப்பிடுகின்றான்.

நொக்ஸ் கண்டவை கண்டி நாட்டுச் சிங்களக் கிராமங்களின் வீடுகள். கொட்டியார வீடுகளை அவன் விவரிக்கவில்லை. எனினும் அவன் கூற்றிலிருந்து பொதுவான உண்மை ஒன்று பெறப்படும். எளிமையான உள்ளகத்தைக் கீழைத்தேயத்தவரின் இயல்பான துறவு மனப்பான்மையாகக் காட்டுவது பின்வந்தோர் பலரது வழக்கம். நொக்ஸின் சாட்சியோ, அவ்வெளிமையின் ஒரு பகுதி அதிகாரத்தால் விதிக்கப்பட்டது என்பதைத் தெளிவாக்குகின்றது. முதுகைச் சாய்க்கும் பலகைகூட வர்க்க அடையாளமாயிருந்த காலம் அது. தடைக்குள் நின்றுகொண்டே வெண்களிமண் தேடிச் சுவர் பூசிய குடியானவரின் செயலை, அழகுணர்வு செல்வரின் தனியுடைமையன்று என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

4

குடியேற்ற ஆட்சி இவ்வகத்தில் ஏற்படுத்திய மாற்றத்துக்கு மொழியே முதற் சான்று. ஈழத்துத் தமிழர் வீட்டில் இன்று வழங்கும் சொற்களை அடுக்கிப் பார்த்தால், மண்படிவுகள் போல வரலாற்றுப் படைகள் புலப்படும். பாய், தடுக்கு, உறி, கட்டில், திண்ணை, அடுப்படி என்பன அடிப்படை. அதன் மேல் போர்த்துக்கேயர் காலத்துச் சொற்கள் படிந்துள்ளன: மேசை, கதிரை, அலுமாரி, யன்னல், குசினி. அடுத்து ஒல்லாந்தர் தந்தவை: மேசையின் இழுப்பறையாகிய லாச்சி அவற்றுள் ஒன்று. மிக அண்மைய படையில் ரைல்ஸ், சீலிங், பென்ரி கபட் ஆகியன உள்ளன. கண்டி அரசன் தன் குடிகளுக்கு மறுத்த சாய்மனை ஆசனம், கதிரை என்ற அந்நியப் பெயரோடு சந்தைப் பண்டமாக நம் வீடுகளுட் புகுந்தமை கவனிக்கத்தக்கது. அரச ஆணை விலக்கிய பொருளைப் பணம் அனுமதித்தது.

தொழிலாளியைக் குறிக்கும் சொற்களும் இவ்வாறே பேசுகின்றன. தச்சனைக் குறிக்க நம்மிடையே வழங்கும் ஓடாவி என்னும் சொல் மரக்கலம் கட்டுபவனையும் குறிக்கும். கடலோடு இணைந்த தச்சுத் தொழிலின் நினைவு அதில் உண்டு. மேசன் பாஸ், தச்சு பாஸ் என்னும் வழக்கிலுள்ள பாஸ் என்பதோ ஒல்லாந்த மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் அது தொழிற் குருவை, முதல்வனைச் சுட்டும். இன்று ஒப்பந்தக்காரரிடம் நாட்சம்பளம் பெறும் தொழிலாளியை நாம் பாஸ் என்று அழைக்கின்றோம். ஒரு காலத்து முதன்மை சொல்லில் மட்டும் எஞ்சி நிற்கின்றது.

ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலத்து மாளிகைகளுக்குக் கருங்காலி, கலமந்தர், முதிரை முதலிய மரங்களிலிருந்து தளபாடங்கள் செய்யப்பட்டன. 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற், 1859 இல் வெளியிட்ட நூலில், முதிரை மர நிழலிற் பல நாட்கள் தொடர்ந்து பயணஞ் செய்ததை நினைவுகூர்கின்றார். கலமந்தர் மரம் அருகிவிட்டதையும் குறிப்பிடுகின்றார். கிழக்கின் காட்டு மரம் ஆங்கிலேய மேட்டுக்குடியின் வரவேற்பறைகளில் வழவழப்பான அலுமாரியாகவும் மேசையாகவும் உருமாறியது. மூலப்பொருள் இங்கிருந்து சென்றது; 'பாணி' அங்கிருந்து வந்தது. மொறட்டுவைத் தச்சர்கள் ஐரோப்பிய மாதிரிகளைப் பார்த்துச் செய்வதில் வல்லவராயினர். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அநகாரிக தர்மபாலரின் தந்தையாரான டொன் கரோலிஸின் தளபாட நிறுவனம் போன்ற வணிக நிலையங்கள் கொழும்பில் வளர்ந்தன. வணிக மூலதனம் தச்சுத் தொழிலை ஆட்கொண்டபோது, கதிரையின் மேல் ஒட்டப்பட்ட பெயர் வணிகருடையதாயிற்று.

5

உள்ளக அலங்காரம் தனித் தொழிலாக வடிவெடுத்தது மேலைத்தேய முதலாளித்துவத்தின் முதிர்ச்சிக் காலத்திலாகும். இவ்வகையில் மூவருடைய வாழ்வு நமக்குப் பாடமாக அமையும்.

முதலாமவர் வில்லியம் மொறிஸ். 1861 இல் நண்பர்களுடன் சேர்ந்து அலங்காரப் பொருட்களை ஆக்கும் நிறுவனமொன்றைத் தொடங்கினார். சுவர்த்தாள், திரைச்சீலை, கம்பளம், வண்ணக் கண்ணாடி எனப் பலவற்றை வடிவமைத்ததோடு, சாயமிடுதல், நெசவு ஆகியவற்றைத் தாமே கையாற் செய்து கற்றார். வரையும் கையையும் செய்யும் கையையும் மீண்டும் இணைக்க முயன்ற அவர், தம் பொருட்களை வாங்கக்கூடியோர் செல்வரே என்பதை உணர்ந்து மனம் வெதும்பினார். 1883 இல் சோசலிச இயக்கத்திற் சேர்ந்தார்; மார்க்ஸின் மூலதனத்தைப் பயின்றார். அழகிய அறையை எல்லோர்க்கும் உரியதாக்குவதற்குச் சமுதாய அமைப்பே மாற வேண்டும் என்பது சுவர்த்தாள் வரைந்தவர் வந்தடைந்த முடிவாகும்.

இரண்டாமவர் எல்சி டி வூல்ஃப். மேடை நடிகையாயிருந்த இவர், 1905 இல் நியூயோர்க்கின் கொலனி கிளப் என்னும் பெண்கள் மன்றத்தின் உட்புற வேலையை ஏற்றார். 1913 இல் நல்ல இரசனையுடைய வீடு பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அமெரிக்காவின் முதலாவது தொழில்முறை உள்ளக அலங்காரக் கலைஞர் எனப் பலராலும் போற்றப்படுபவர் இவரே. உருக்காலை அதிபர் ஹென்றி கிளே ஃபிரிக்கின் நியூயோர்க் மாளிகையில் குடும்ப அறைகளை அழகுபடுத்தி, வாங்கிய பொருட்களின் விலையில் வீதமாகத் தரகு பெற்றார். 1892 இல் ஹோம்ஸ்ரெட் ஆலை வேலைநிறுத்தத்தைக் கூலிப்படை கொண்டு எதிர்த்து, தொழிலாளர் பலர் உயிரிழக்க நேர்ந்த மோதலில் ஆலை நிருவாகத்துக்குத் தலைமை தாங்கியவர் இதே ஃபிரிக்கே. தரகு வீதமாகக் கணக்கிடப்பட்ட 'இரசனை' எத்தகைய உபரியிலிருந்து ஊற்றெடுத்தது என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அதே வேளை, வீட்டை ஒழுங்குபடுத்தல் என்னும் ஊதியமற்ற பெண்ணுழைப்பை ஊதியம் பெறும் தொழிலாக்கியமையும் டி வூல்ஃபின் சாதனையாகும். இம்முரண்பாட்டின் இரு பக்கங்களையும் மறுத்தல் ஆகாது.

மூன்றாமவர் மார்கரெட்டெ ஷூட்டெ-லிஹொட்ஸ்கி. 1926 இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரசபை வீடமைப்புத் திட்டத்துக்காகச் சிறு சமையலறை ஒன்றை வடிவமைத்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. நடையும் குனிதலும் குறையுமாறு ஒவ்வொரு தட்டும் இழுப்பறையும் அளந்து அமைக்கப்பட்டன. ஆலை நிருவாகத்தின் நேரக் கணக்கீட்டு முறை அடுக்களைக்கு வந்ததென்றும், பெண்ணைத் தனியே அடைத்ததென்றும் பிற்காலத்தவர் இதனைக் கண்டித்ததுண்டு. ஆயினும், தொழிலாளர் வீட்டின் உட்புறமும் ஆராய்ச்சிக்குரியது என்று நிறுவிய பெருமை அதற்கு உண்டு. இவர் ஒஸ்திரியக் கம்யூனிஸ்ட். நாசி எதிர்ப்பியக்கத்திற் பங்குகொண்டு 1941 முதல் 1945 வரை சிறையிலிருந்தார். உள்ளக வடிவமைப்பைப் பூர்ஷ்வா ஆடம்பரம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடும் முற்போக்காளர் இவரை மறந்துவிடுகின்றனர்.

6

மொறிஸின் சிந்தனை இலங்கையை அடைந்த வழி ஆனந்த குமாரசுவாமி ஆவார். 1908 இல் அவர் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல், மொறிஸின் கெல்ம்ஸ்கொற் பதிப்பகத்தின் அச்சியந்திரத்திலேயே அச்சிடப்பட்டது. தச்சர், கொல்லர், பாய் நெய்வோர், அரக்கு வேலை செய்வோர் ஆகியோரின் தொழில்நுட்பத்தையும் கருவிகளையும் அவர் பதிவுசெய்த முறை ஈடிணையற்றது. எனினும், நிலத்துக்கு ஈடாகப் பரம்பரையாகச் சேவை செய்யும் ஏற்பாட்டை அவர் இணக்கமான வாழ்வாகக் கண்டார். அவ்வேற்பாட்டின் மறுபக்கமாகிய சாதிக் கட்டாயம் அவரது நோக்கில் முழுமையாகப் படவில்லை. எழில்மிகு தும்பறைப் பாய்களை நெய்த கின்னர சமூகத்தவர் சாதியடுக்கின் அடித்தளத்தில் வைக்கப்பட்டிருந்தனர். கைவினையைப் போற்றிக் கைவினைஞனை ஒதுக்கிய சமுதாயம் அது.

சுதந்திரத்துக்குப் பின் இம்மரபை நவீன வீட்டுக்குட் கொணர்ந்தவர் கண்டியைச் சேர்ந்த மினெற் டி சில்வா (1918–1998). 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் இவர். 1951 இல் நிறைவெய்திய கண்டிக் கருணாரத்ன வீட்டில், தும்பறை நெசவும் அரக்கு வேலையும் சுட்ட மண் ஓடும் கொங்கிறீற்றோடும் கண்ணாடியோடும் இணைந்தன. 1950களில் வட்டப்புளுவையில் அரச ஊழியர்க்கான வீடமைப்பை மேற்கொண்டபோது, குடியிருக்க வருவோரிடம் வினாக்கொத்து வழியாக அவர்தம் தேவைகளைக் கேட்டறிந்தே வீடுகளை வகுத்தார். வடிவமைப்பு என்பது மேலிருந்து வழங்கப்படும் இரசனையாக இல்லாது, வாழ்வோருடன் நடத்தும் உரையாடலாகவும் அமையலாம் என்பதற்கு இது நம் நாட்டு எடுத்துக்காட்டு.

அடுத்த தலைமுறையில் ஜெஃப்ரி பாவாவைச் (1919–2003) சூழ்ந்து கலைஞர் குழாம் ஒன்று உருவாயிற்று. பார்பரா சன்சோனி கன்னியர் மடங்களிற் பயின்ற ஏழைப் பெண்களின் கைத்தறி நெசவுக்குப் புதிய நிறங்களை வகுத்து, 1964 இல் 'பெயார்பூட்' நிலையத்தைத் தொடங்கினார். எனா டி சில்வா பற்றிக் கலையை வளர்த்தார். 1966 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உல்லாசப் பயணச் சபை அமைந்ததைத் தொடர்ந்து எழுந்த பெந்தோட்டைக் கடற்கரை விடுதியின் வரவேற்பு மண்டப விதானத்தை, 1969 இல் அவரது பற்றிக் துணிகள் அணிசெய்தன. உள்ளக வடிவமைப்பு இலங்கையில் ஒரு தொழிற்சந்தையைப் பெற்றது பெருமளவு இத்தகைய விடுதிகளாலேயே. அந்நியச் செலாவணி தேடிய அரசு, மரபின் அழகை விற்பனைக்குரியதாக்கியது. பிற்காலத்தில் எனா டி சில்வா மாத்தளை அலுவிகாரைக்குத் திரும்பிக் கிராமப் பெண்களுக்கு வாழ்வாதாரம் அமைத்தமையை நாம் மதிக்க வேண்டும். ஆயினும் விதானத்தை நோக்கும் பயணிக்கு வடிவமைத்தவர் பெயரே கூறப்படும். மெழுகிட்டுச் சாயந்தோய்த்த பெண்களின் பெயர் கூறப்படுவதில்லை.

1982 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் நான்கு நிகழ்ச்சிகளைக் காட்டுகின்றது. பாவாவின் பாராளுமன்றக் கட்டடம் கோட்டேயில் திறந்துவைக்கப்பட்டது. 35 ஆம் இலக்கச் சட்டம் தேசிய அருங்கலைகள் பேரவையையும் தேசிய வடிவமைப்பு நிலையத்தையும் வெவ்வேறு நிறுவனங்களாக அமைத்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் உள்ளக வடிவமைப்பாளர் என்னும் பெயரை முதன்முதலாகச் சட்டத்தாற் காத்தது. 'ஓட்டோகாட்' என்னும் கணினி வரைகலைச் செயலியும் அவ்வாண்டு இறுதியிலேயே வெளியாயிற்று. இவை ஒன்றுக்கொன்று காரணமானவை அல்ல. எனினும் ஒரே திசையைச் சுட்டுகின்றன. கைவினைக்கு ஒரு நிறுவனம், வடிவத்துக்கு வேறொரு நிறுவனம்; பெயருக்குச் சட்டக் காப்பு; வரைதலுக்கு மரத்தையும் நூலையும் தொடத் தேவையற்ற கருவி. வரையும் கையின் பிரிவு நிறுவன வடிவம் பெற்ற காலம் இதுவெனலாம்.

7

இப்பின்னணியில் தோப்பூரை நோக்குவோம். கிழக்கிலங்கைத் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் பெண்ணின் திருமணத்தின்போது பெற்றோர் வீடு கட்டிக் கொடுப்பதும், மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதும் பரவலான வழக்கமாகும். அக்கரைப்பற்றை மையமாகக் கொண்ட டெனிஸ் மக்கில்வ்றேயின் ஆய்வுகள் இத்தாய்வழி மரபை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளன. இவ்வழக்கம் பெண்ணுக்குப் பாதுகாப்புத் தருவது உண்மை. வீடு கட்டுவதற்காகவே பெற்றோர் கடன்படுவதும், 1970களின் பிற்பகுதி முதல் தாயோ மகளோ மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் செல்வதும் அவ்வழக்கத்தின் சுமையான மறுபக்கம். பிறருடைய பளிங்குத் தரையைத் துடைத்துப் பெற்ற கூலியில் தன் வீட்டுக்கு ரைல்ஸ் பதிக்கும் பெண், உள்ளகம் பற்றிய உலக அறிவை உழைப்பின் வழியாகவே பெறுகின்றாள். வடிவமைப்பு வகுப்பறைகள் அவ்வறிவை அறிவாகக் கொள்வதில்லை.

கிழக்கிலங்கைப் பெண்களின் பன்பாய்த் தொழிலும் அத்தகையதே. நீர்நிலைக் கரைகளில் வளரும் பன்னை அறுத்து, உலர்த்தி, சாயமிட்டு, தரையில் அமர்ந்து கோலம் அமைத்து நெய்யும் பெண்ணிடம் வரையும் கையும் செய்யும் கையும் பிரிந்திலது. கோலத்தின் எண்ணிக்கை அவள் நினைவில் உள்ளது. பிளாஸ்ரிக் பாய் சந்தைக்கு வந்தபின் அவள் உழைப்பு மலிவாயிற்று. அதே பன்பாய் விடுதி ஒன்றின் சுவரில் சட்டமிட்டுத் தொங்கும்போது 'மரபு அலங்காரம்' என்று விலையேறுகின்றது. ஓடாவியின் நிலையும் வேறன்று. முதிரையையும் பாலையையும் இழைத்த கைகள், இன்று அழுத்தப் பலகையை வரைபடத்தின்படி அறுத்துப் பூட்டுகின்றன.

இயற்கை அழிவும் போரும் இவ்வூர்களின் வீடுகளைப் பன்முறை குலைத்தன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலை மூதூர்க் கரையைத் தாக்கியது. 2006 ஆகத்து மாதப் போரின்போது மூதூர், தோப்பூர் மக்கள் கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தனர். ஆழிப்பேரலைக்குப் பின் நாட்டின் கரையோரமெங்கும் 500 சதுர அடி என்ற அளவையொட்டி வீடுகள் எழுந்தன. உதவி நிறுவனங்களே கட்டிக் கொடுத்தவை பல. உரிமையாளர் தாமே நிதியுதவி பெற்றுக் கட்டியவையும் உள. விறகடுப்பின் புகை எங்கே போகும், நெல் மூடை எங்கே வைக்கப்படும், தாயும் மணமான மகளும் ஒரே வளவில் எங்ஙனம் வாழ்வர் என்பவற்றைப் பொது வரைபடம் அறியாது. அவற்றை அறிந்தவள் அவ்வீட்டுப் பெண். உள்ளக வடிவமைப்பாளர் ஒருவர் உண்மையிலேயே தேவைப்பட்ட இடம் அதுவே. சந்தை அவரை அங்கே அனுப்பவில்லை.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் தோப்பூருக்கும் திருகோணமலை நகருக்குமிடையிலான தரைவழிப் போக்குவரத்து இலகுவாயிற்று. போருக்குப் பின் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் விடுதிகள் பெருகியுள்ளன. இப்பகுதி இளைஞர்க்கு இத்தொழில் வாய்ப்பளிக்கக்கூடியதே. எந்நிலையில் அதனுள் நுழைகின்றனர் என்பதே வினா. வடிவமைப்பாளர் மொத்தச் செலவின் வீதமாகவோ சதுர அடிக் கணக்கிலோ கட்டணம் பெறுவார். ஓடாவியும் மேசனும் நாட்கூலி பெறுவர். ஊரில் ஒருவர் முதல்வகையாகி மற்றவர் அனைவரும் இரண்டாம் வகையாகவே இருப்பின், அதனை முன்னேற்றம் எனல் பொருந்தாது.

8

செய்யக்கூடியவை சில உள. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் இயங்கும் தேசிய தொழிற்றகைமை முறை ஏழு மட்டங்களையுடையது. வேலைக்களத்திற் பெற்ற தேர்ச்சியை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்க அதில் இடமுண்டு. ஓடாவிக்கும் மேசனுக்கும் இவ்வழியை அறிமுகஞ் செய்து, தள வரைபடம், வெட்டுமுகம், அளவைப் பட்டியல் ஆகியவற்றை வாசிக்கவும் ஆக்கவும் தமிழிற் கற்பித்தல் வேண்டும். வரைபவர் கையிலுள்ள கருவி செய்பவர் கைக்கும் வருதலே முதற்படி. மறுபுறத்தில், வடிவமைப்புப் பயிலும் மாணவர் பட்டறையிலும் பாய் நெய்யும் திண்ணையிலும் குறித்த காலம் வேலை பழகுதல் பாடத்தின் பகுதியாக வேண்டும். மொறிஸ் சாயத்தொட்டியிற் கை நனைத்ததன் பொருள் அதுவே.

பாய் நெய்யும் பெண்கள் கூட்டுறவாக ஒன்றிணைந்து, நெய்ய எடுத்த நாட்களைக் கணக்கிட்டு விலை வகுக்கும் முறையும், விடுதிகளுக்கு விற்கும் பொருளில் ஆக்கியோர் பெயரைப் பொறிக்கும் வழக்கமும் உருவாக்கப்படலாம். பொது வீடமைப்பில், வட்டப்புளுவையின் வழிநின்று, குடியிருக்கப் போகும் பெண்ணைக் கேட்டபின்னரே வரைபடம் முடிவு செய்யப்பட வேண்டும். தமிழ்த்துறையினர்க்கும் இதிற் கடமை உண்டு. ஓடாவி, மேசன், பாய் நெய்வோர் ஆகியோரிடம் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்தால், வடிவமைப்பைத் தமிழிற் கற்பிப்பதற்கான கலைச்சொற்கள் பல ஆயத்தமாகவே கிடைக்கும். அவை அழியுமுன் தொகுக்கப்படல் அவசியம்.

இவற்றால் உற்பத்தி உறவுகள் மாறிவிடும் என்று நாம் மயங்க வேண்டியதில்லை. சிந்திப்போர், செய்வோர் என்ற பிரிவு சமுதாய அமைப்பில் வேரூன்றியது; அறையொன்றின் ஒழுங்கால் மட்டும் அது நீங்காது. எனினும் மனிதர் தம் உழைப்பின் பொருளைத் தாமே வகுக்கவும் தாமே நுகரவும் வல்லவர் என்ற நம்பிக்கையைத் தொழிற்கல்வி வளர்க்கவும் கூடும், நசுக்கவும் கூடும். சுண்ணாம்பு தடுக்கப்பட்ட காலத்தில் வெண்களிமண்ணாற் சுவர் பூசிய கைகளுக்கு அவ்வல்லமை இருந்தது. கொட்டியாரத்தின் இளைய தலைமுறைக்கு இத்தொழிலை அறிமுகஞ் செய்வோர் அவ்வரலாற்றையும் சேர்த்தே கற்பிப்பார்களாயின், வரையக் கற்கும் மாணவன் தன் தந்தையின் உளியையும் தாயின் பாயையும் தன் கல்வியின் பகுதியாகவே கொள்வான்.